முள்ளம்பன்றிக்குச் சொடக்கு எடுத்த கதை

ஒரு காட்டில் பேச்சிமுத்து என்ற முள்ளம்பன்றியும் அதன் மனைவி கோமதியும் வாழ்ந்து வந்தன. கோமதி நிறைமாதமாக இருந்தது. மழைக்காலம் மலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டிருந்தது. குட்டிக்கான புது வளையைப் பாதி தோண்டிய நிலையில் பேச்சிமுத்துவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

பழைய கதையாக இருந்தால் பேராசையாலோ கர்வத்தாலோ பிடித்திருக்கும். இது ஒரே பக்கமாகக் குனிந்து தோண்டியதால் பிடித்தது.

"ஒத்தைக் கையாலயே தோண்டுனா அப்படித்தான்," என்றது கோமதி. "சுருண்டு படுக்காம கொஞ்சம் நடங்க. ரெண்டு கையையும் மாத்தி மாத்திப் போட்டுத் தோண்டுங்க. நடுநடுவுல எந்திரிச்சு நில்லுங்க. சரியாப் போயிரும்."

"நீ என்ன டாக்டரா?" என்று கேட்டது பேச்சிமுத்து.

கோமதி டாக்டர் இல்லை. எனவே பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆற்றங்கரையில் மருத மரத்தடியில் ஒரு கரடி கைரோபிராக்டிக் நிலையம் வைத்திருந்தது. கழுத்துவலி, மூட்டுவலி, தசைப்பிடிப்பு என்று வருகிறவர்களைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, லேசாகத் தூக்கி, ஓர் உலுக்கு உலுக்கும். சடக் என்று சத்தம் வரும். காட்டில் அதற்குச் சொடக்கு டாக்டர் என்று பெயர்.

"நான் டாக்டர் இல்லீங்க. கையால பிடிச்சு விடுறவன்," என்று கரடி ஒவ்வொருவரிடமும் திருத்திச் சொல்லும்.

"சரிங்க டாக்டர்," என்று அவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

மரத்தின் மேல் இருந்த குரங்கு, இலையில் எண் கீறி டோக்கன் கொடுத்தது. சொடக்கு விழுகிற நேரத்தில் கைப்பேசியை நீட்டி வீடியோ எடுப்பதும் அதன் வேலைதான். வலி போனதா என்பது வீடியோவில் தெரியாது. சத்தம் நன்றாகக் கேட்கும்.

பேச்சிமுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வரிசையில் ஒரு குழப்பம். புள்ளிமான் தன் டோக்கனைத் தின்றுவிட்டிருந்தது.

"டோக்கன் எங்கம்மா?" என்றது குரங்கு.

"பசிச்சுது."

"அப்ப கடைசிக்குப் போ."

"போறேன். அதுக்கு ஒரு டோக்கன் குடு."

குரங்கு கொடுத்தது. மான் அதையும் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு நின்றது.

சிகிச்சை முடிந்து வந்தவர்களிடம் வலி போனதா என்று யாரும் கேட்கவில்லை. சத்தம் வந்ததா என்றுதான் கேட்டார்கள்.

"எனக்கு ரெண்டு," என்றது காட்டுப்பன்றி. "கழுத்துல ஒண்ணு, முதுகுல ஒண்ணு."

"எனக்கு ஒண்ணுதான். ஆனா பெருசு," என்றது நரி.

பேச்சிமுத்துவின் முறை வந்தது. கரடி அதைச் சுற்றி வந்து பார்த்தது.

"கால் மரத்துப்போகுதா?"

"இல்ல."

"ஒண்ணுக்குப் போறதுல ஏதும் சிரமம்?"

"வரிசையில நின்னதுதான் சிரமம்."

"அப்பப் பயப்பட ஒண்ணுமில்ல அண்ணாச்சி. வெறும் தசைப்பிடிப்பு. சுருண்டு படுக்காம நடங்க. கையை மாத்தி மாத்திப் போட்டுத் தோண்டுங்க. நடுநடுவுல எந்திரிச்சு நில்லுங்க. சரியாயிரும்."

பேச்சிமுத்துவுக்கு முகம் விழுந்துவிட்டது. "இதை எங்க வீட்டுலயே சொன்னாங்களே."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

"சொடக்கு?"

"உங்களுக்குத் தேவையில்ல. தேவைன்னாலும்..." கரடி முட்களைப் பார்த்தது. "எங்க பிடிக்கிறது?"

"பன்றிக்கு ரெண்டு, நரிக்கு ஒண்ணு, எனக்கு மட்டும் அறிவுரையா? எம் பொண்டாட்டிக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. வளை பாதியில நிக்குது."

"முள்ளு இருக்கிறது அவரு குத்தமா?" என்றது நரி.

"அதானே," என்றது மான், எதையோ மென்றபடி.

கரடி இளகிய மனசுக்காரன். வரிசை முழுவதும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, பேச்சிமுத்துவின் பின்னால் தயங்கித் தயங்கி இரண்டு கைகளையும் விரித்தது. தொடவில்லை. நல்ல கோணத்துக்காகக் குரங்கு ஒரு காய்ந்த கிளையின் நுனிக்கு நகர்ந்தது. அந்த நேரம் பார்த்துக் கிளை ஒடிந்தது.

சடக்.

குரங்கு புதரில் விழுந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. பேச்சிமுத்து மெதுவாக நிமிர்ந்தது. இடப்பக்கம் திரும்பியது, வலப்பக்கம் திரும்பியது.

"போயிருச்சு," என்றது.

"அண்ணாச்சி, அது கிளை," என்றது கரடி.

"தொடவே இல்ல," என்று காட்டுப்பன்றி கிசுகிசுத்தது. "தொடாமலே எடுத்துட்டாரு."

"நான் ஒண்ணும் எடுக்கலீங்க. மேல பாருங்க, மரத்துல..."

"என்ன அடக்கம் பாரு," என்றது நரி.

ஏற்கெனவே சிகிச்சை முடித்தவர்களும் மறுபடி வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் தொடாமல் எடுக்கும் சொடக்குதான் வேண்டுமாம். கரடி ஒவ்வொருவரிடமும் கிளையைக் காட்டியது. அவர்கள் கிளையைக் கும்பிட்டார்கள்.

"யாராவது தூக்கி விடுங்க. இடுப்பு போச்சு," என்றது குரங்கு, புதருக்குள்ளிருந்து.

"வரிசையில வா," என்றது காட்டுப்பன்றி.

பேச்சிமுத்து அத்தனை தூரமும் நடந்தே வீட்டுக்குத் திரும்பியது.

"கோமதி, டாக்டர் ரொம்பப் புதுசா ஒண்ணு சொன்னாரு. சுருண்டு படுக்கக் கூடாதாம். கையை மாத்திப் போட்டுத் தோண்டணுமாம். நடுநடுவுல எந்திரிச்சு நிக்கணுமாம். இதெல்லாம் நமக்கு எங்க தெரியுது?"

கோமதி பாதியில் நின்ற வளையைக் காட்டியது.

பேச்சிமுத்து சொன்னபடியே செய்தது. வலி குறைந்தது. நடந்ததால் குறைந்ததா, கை மாற்றியதாலா, நாளானதாலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கிளையால் இல்லை என்று மட்டும் சொல்லலாம். அதையும் பேச்சிமுத்துவின் காதுபடச் சொல்ல முடியாது.

ஒருவழியாக வளை முடிந்தது. கோமதி வந்து பார்த்தது.

"வாசல் மேட்டைப் பாத்து இருக்குங்க. மழை பெஞ்சா மொத்தத் தண்ணியும் உள்ளதான் வரும். குட்டி நனைஞ்சுரும். முன்னால ஒரு வரப்பு போடுங்க, ஒதுங்கிப் போயிரும்."

"அதெல்லாம் வராது," என்று சொல்லிவிட்டு, பேச்சிமுத்து டாக்டர் சொன்னபடி சுருளாமல் நீட்டிப் படுத்தது.

மேகம் இறங்கியது. கோமதி மறுபடி சொன்னது.

"வளை தோண்டுனது நானா நீயா?" என்றது பேச்சிமுத்து, கண்ணைத் திறக்காமல்.

இடி இடித்தது. கோமதிக்கு வலி எடுக்கத் தொடங்கியது. அது சுற்றும் முற்றும் பார்த்தது. மூலையில் ஒரு காய்ந்த குச்சி கிடந்தது. அதை வாயில் கவ்விக்கொண்டு வந்து, கணவனின் முதுகுக்குப் பின்னால் நின்று, கையில் எடுத்துக்கொண்டது. பிறகு நிதானமாகச் சொன்னது.

"வாசல்ல வரப்பு போடணும்."

சடக்.

பேச்சிமுத்து எழுந்து உட்கார்ந்தது. அதன் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"கோமதி, எனக்கு ஒண்ணு தோணுது. வாசல்ல ஒரு வரப்பு போட்டா என்ன?"

"நல்ல யோசனைங்க," என்றது கோமதி. "சீக்கிரம் போடுங்க."

பேச்சிமுத்து கையை மாற்றி மாற்றிப் போட்டு, நடுநடுவே எழுந்து நின்று, வரப்பைப் போட்டு முடித்தது. கடைசிப் பிடி மண் விழவும் மழை வரவும் சரியாக இருந்தது. மேட்டிலிருந்து இறங்கிய செம்மண் தண்ணீர் வரப்பில் முட்டி ஒதுங்கிப் போனது. உள்ளே, முள் இன்னும் கெட்டியாகாத ஒரு குட்டி, ஒரு சொட்டு ஈரமும் படாமல் தாயின் வயிற்றோரம் பால் தேடிக்கொண்டிருந்தது.

நீதி: நல்ல புத்தி சொன்னால் மட்டும் போதாது, சொல்லி முடித்ததும் பக்கத்தில் எதையாவது ஒடிக்க வேண்டும்.