பாக்யா புருஷன்

வளைகுடாவில் பெண்டாட்டிக்காகத் தங்கம் சேர்த்தவர்கள் ஆயிரம் பேர். டேப்ரிக்கார்டர் தூக்கிக்கொண்டு போனவர்கள் பத்தாயிரம் பேர். இல்லாத பெண்டாட்டிக்காகச் சினிமா எடுத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பாக்யா புருஷன்.

பெயர் நாங்கள் வைத்தது. நிஜப் பெயர் லேபர் கார்டில் இருந்தது. அது எங்கள் கட்டட சைட்டைவிட நீளம். டைம்கீப்பரான நானே அதை முழுசாக எழுதியதில்லை.

ஷார்ஜாவுக்கு வெளியே மணலில் எங்கள் கேம்ப். அங்கே அவர் எலக்ட்ரீஷியன், பிலிப்பைன்ஸ்காரர். அவர் ஊரில் பதினைந்து வருஷம் சினிமாவில் கிளாப் கட்டை தட்டியவர். பெரிய ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாய்ப் பூட்டிக்கொள்ள, சில்லறைக் கம்பெனிகளில் படத்துக்குப் படம் அலைந்தவர். பிறகு ராணுவச் சட்டம் வந்தது. கதையை முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்காமல் கேமராவைத் திறக்கக்கூடாது என்றார்களாம். மனுஷன் கோபித்துக்கொண்டு பாலைவனத்துக்கு வந்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயரிடம் பழைய எட்டு மில்லிமீட்டர் கேமரா ஒன்றை வாங்கினார். மூன்று ஃபிலிம் சுருள்கள் சேர்த்தார். ஒரு சுருள் மூன்று நிமிஷம்தான் ஓடும். கான்ட்ராக்ட் முடிய இன்னும் நாலு மாதம். அதற்குள் எடுத்தால் உண்டு. ஊருக்குப் போய்விட்டால் மறுபடி அனுமதி முத்திரை, மறுபடி கிளாப் கட்டை.

"யாருக்காக இந்தப் படம்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஃபார் பாக்யா," என்றார்.

அவ்வளவுதான். கொத்தனார் மாணிக்கம் அண்ணன் கேம்ப் முழுக்கப் பரப்பிவிட்டார். "பாவம்டா, பொண்டாட்டி பேரு பாக்யா. நம்ம பக்கத்துப் பேரு மாதிரியே இருக்கு."

மெஸ்ஸில் பாக்யாவின் சுகத்தை விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் பாக்யாவுக்கென்று கண்மையே வாங்கி வந்தார். பாக்யா புருஷன் திருதிருவென்று விழித்தார். கடைசியில் என்னை இழுத்துப் போய் மணலில் ஒரு கட்டைச் செருப்பை வரைந்து காட்டினார். அதுதான் பாக்யா! அவர் ஊரில் கட்டைச் செருப்பு மாட்டிக்கொண்டு படம் பார்க்க வரும் ஏழை ஜனத்தைப் படித்த துரைமார் இளக்காரமாக அப்படிச் சொல்வார்களாம்.

மாணிக்கம் அண்ணனிடம் விளக்கினேன்.

"அட, நம்ம தரை டிக்கெட்டு!" என்றவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருந்தாலும் பேர மாத்த வேணாம் தம்பி, பழகிப்போச்சு," என்றார்.

கதை இதுதான். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவனுக்கு ஊரிலிருந்து கடிதம் வருகிறது. படித்துச் சொல்ல ஆள் தேடி அலைகிறான். கடைசியில் ஒருவன் படிக்கிறான்: அம்மா இறந்துவிட்டாள். இவன் அழுகிறான். கதாநாயகன் மாணிக்கம் அண்ணன். அவருக்கு நிஜமாகவே படிக்கத் தெரியாது. கடிதம் படிப்பவன் நான். எங்கள் வம்சத்திலேயே பள்ளிக்கூடம் போன முதல் ஆள். கேம்புக்கே கடிதம் படிப்பது என் பொழுதுபோக்கு.

இரண்டு வெள்ளிக்கிழமைகளில் இரண்டு சுருள்கள் நாசம். எங்கள் டைரக்டர் கேமராவை ஓடவிட்டபடியே "ரெடி?" என்பார். சமையல்கார நாயரும் பெயின்டர் கோவிந்தனும் ரெடி என்று தலையை இருபுறமும் ஆட்டுவார்கள். அவர் ஊரில் தலை இப்படி ஆடினால் 'இல்லை'. "கட்!" என்று கத்துவார். இவர்கள் பதறி, "ஸ்டார்ட்டா சார்?" என்பார்கள். அவர் இரண்டு புருவத்தையும் தூக்குவார். அவர் ஊரில் அது 'ஆமாம்'. நம்மூரில் அது 'என்னடா?' அல்லவா? இவர்கள் மறுபடி கேட்பார்கள். அவர் மறுபடி தூக்குவார். நிறுத்த மறந்த ஃபிலிம் ஓடிக்கொண்டிருக்கும். நிற்கும் இடத்தை உதட்டைக் குவித்துக் காட்டியபோது, "ஏன்யா எனக்கு முத்தம் குடுக்குறான்?" என்று நாயர் கோபித்துக்கொண்டு போயே விட்டார்.

மிச்சம் ஒரு சுருள். மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர் "ரெடி?" கேட்காமலே கேமராவை ஓடவிட்டார்.

மாணிக்கம் அண்ணன் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். பிரித்தேன். வெற்றுத் தாள் என்று நினைத்திருந்தேன். அன்று காலை வந்த அவருடைய சொந்தக் கடிதம்! ஊமைப் படம்தானே என்று வாய்விட்டே படித்துவிட்டேன்: "பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் சேயும் நலம்."

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. அழ வேண்டிய கதாநாயகன் "ஏய்!" என்று கத்தி, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் ஆடினார். போச்சு, கடைசி சுருளும் போச்சு என்று தோளில் இருந்தபடியே அவரைப் பார்த்தேன். எதற்கெடுத்தாலும் கட் சொல்லும் மனுஷன் அன்று சொல்லவில்லை. சுருள் தீர்ந்து 'டக்' என்ற பிறகும் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

தபாலில் போன சுருள்கள் கழுவப்பட்டு வர ஒன்றரை மாதம் ஆனது. ஒரு வாரம் கத்தரியும் பிசினுமாக உட்கார்ந்திருந்தார். பிறகு மெஸ்ஸில் படுக்கை விரிப்பைக் கட்டி, இரவல் புரொஜெக்டரில் படம் போட்டார்.

திரையில் மாணிக்கம் அண்ணன் கடிதத்தோடு அலைகிறார். நாயரிடம் நீட்டுகிறார். நாயர் தலையை ஆட்டுகிறார், படிக்கத் தெரியாதாம்! கோவிந்தன் தலையை ஆட்டுகிறான், அவனுக்கும் தெரியாதாம்! நாசமாய்ப் போன இரண்டு சுருளும் கதையாகிவிட்டிருந்தன. கடைசியில் நான் படிக்கிறேன். அண்ணன் ஆடுகிறார்.

மெஸ் அதிர்ந்தது. விசில், கிழித்த பேப்பர் மழை, "ஒன்ஸ் மோர்!" என்று கூச்சல். திரும்பிப் பார்த்தால் டைரக்டரைக் காணோம். ஜனம் அடிக்க வருகிறது என்று பயந்து ஜெனரேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

மாணிக்கம் அண்ணன் கையைப் பிடித்து இழுத்தார். "எந்திரிய்யா! பாக்யாவுக்குத்தானே எடுத்த? நாங்கதான்யா பாக்யா!"

அவருக்குத் தமிழ் புரியவில்லை. என்னைப் பார்த்து, "தே லைக்?" என்றார், அவர்களுக்குப் பிடித்ததா என்று.

தலையை ஆட்டப் போனவன் நிறுத்திக்கொண்டேன். இரண்டு புருவத்தையும் தூக்கினேன்.

அடுத்த மாதம் அந்தச் சுருளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு விமானம் ஏறினார். பிறகு தகவல் இல்லை.

போன மாதம் ஊருக்கு லீவில் வந்து பெண் பார்க்கப் போனேன். "பொண்ணு புடிச்சிருக்காப்பா?" என்று அம்மா கேட்டாள். என்னை அறியாமல் புருவம் மேலே போயிற்று.

"என்னடா, பதிலுக்கு நீ என்னத்தக் கேக்குற?" என்றாள். பெண் வீட்டார் முகம் வாடிவிட்டது.

அவர் மட்டும் அந்தக் கூடத்தில் இருந்திருந்தால், எப்போதோ கேமராவை ஓடவிட்டிருப்பார்.