கரகரப்பு இல்லாத மைக்

இனிமேல் இந்த வீட்டில் எதுவும் கரகரக்கக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிட்டு பிரகடனம் செய்தார். நெற்றியில் விபூதி. கையில் ஸ்க்ரூ டிரைவர். மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து கூப்பிடு தூரத்தில், மூன்றாவது மாடியில் இரண்டு அறை. அதில் கரகரக்கக் கூடியவை மொத்தமே மூன்றுதான். ஒரு பால்கனிக் கதவு, ஒரு பழைய ரேடியோ, கட்டின பெண்டாட்டி.

கதவுக்கு எண்ணெய் விட்டார். ரேடியோவைப் பிரித்துப் போட்டார். பெண்டாட்டியிடம் வந்தார்.

"அபயம், தொண்டைக்கு ஏதாவது கஷாயம் வச்சுக் குடியேன்."

"எட்டு மணி நேரம் 'ஹலோ பூனா, ஹலோ நாக்பூர்'னு கத்திட்டு வரேன். ஒரு நாள் நீங்க வந்து கத்திப் பாருங்கோ. கஷாயம் யாருக்குன்னு அப்புறம் பேசலாம்."

அபயாம்பாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டர். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வெளியூர்களுக்கு லைன் போட்டுக் கொடுக்கிற வேலை. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் சாயங்கால ஷிஃப்ட். கிட்டு வி.டி. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஆபீசில் டெஸ்பாட்ச் குமாஸ்தா. பதினேழு வருஷமாகக் கவர் மேல் ஊரார் பெயரை எழுதி எழுதி அனுப்பியவர். தன் பெயரை ஏதாவது ஒரு பொருளின் மேல் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. தீப்பெட்டியைக் கையில் எடுத்தால்கூட அந்த லேபிளில் 'கிட்டு' என்று போட்டால் எப்படி இருக்கும் என்று பார்ப்பார். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் யார் போடப் போகிறார்கள்?

அந்த வெறிக்குத் தீனி போட வந்து சேர்ந்தான் ஷேக் பரீத். தாராவிக்காரன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வார நாட்களில் துறைமுக டாக்கில் மூட்டை எண்ணுவான். சனிக்கிழமை ஆனால் சர்ச்கேட்டில் ஒரு ரெஸ்டாரண்டில் மவுத்தார்கன் வாசிப்பான். ஏதோ அமெரிக்கக் கப்பலில் சமையல் செய்த ஒரு கறுப்பரிடம் அவன் கற்றுக்கொண்டது ப்ளூஸ் என்கிற சங்கீதம். வயிற்றெரிச்சலை வாய்வழியாக ஊதுகிற சங்கீதம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கிட்டு ஓய்வு நேரத்தில் ரேடியோ ரிப்பேர் பார்ப்பவர் என்று கேள்விப்பட்டு வந்தான்.

"சார், ஓட்டல் மைக்கு தேங்கா தண்டிக்கு இருக்கு. ஸ்டாண்டுல போயி நிக்கி. நான் மவுத்தார்கனை ரெண்டு கையாலயும் இந்தா, இப்படிப் பொத்தித்தான் ஊதணும். மைக்கும் கைக்குள்ளயே இருந்தாத்தான் எடுக்கும். உள்ளங்கையில அடங்குத மாதிரி ஒண்ணு செஞ்சு தாங்களேன்."

கிட்டுவுக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே சயானுக்கு ஓடினார். அங்கே பஞ்சாபகேசன் என்று ஒருவர் லவுட்ஸ்பீக்கர் ஒர்க்ஷாப் வைத்திருந்தார்.

"பேஷா செய்யும் ஓய்," என்றார் பஞ்சாபகேசன். "அந்தப் பையன் உம்ம மைக்கைக் கையில வச்சுண்டு ஒரு பாட்டு ஒழுங்கா வாசிக்கட்டும். நான் நூறு மைக் போட்டுக் கடையில இறக்கிடறேன். பம்பாயில மவுத்தார்கன் ஊதறவாளுக்கா பஞ்சம்? மூடியில 'கிட்டு'ன்னு பேரும் பொறிச்சுடலாம்."

பெயர் பொறிப்பது! அன்றிலிருந்து கிட்டுவுக்குச் சோறு இறங்கவில்லை.

சோர் பஜாருக்குப் போய்ப் பழைய டெலிபோன் ஒன்றைப் பொறுக்கி வந்தார். அதில் வாய் வைத்துப் பேசுகிற பக்கத்தில் ஒரு கார்பன் வில்லை இருக்கும். அதைப் பிடுங்கி ஒரு பற்பொடி டப்பாவுக்குள் வைத்தார். இரண்டு டார்ச் செல், நாலு கம்பி. மேல் கூடு பிரித்தபடி கிடந்த ரேடியோவோடு இணைத்து, டப்பாவை வாயருகில் பிடித்து, "கிட்டு, கிட்டு" என்றார்.

"கர்ர்ர்... ட்டு" என்றது ரேடியோ.

"சீச்சீ!"

"ஏன்னா, நன்னாத்தானே இருக்கு?" என்றாள் அபயம், அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து.

"நன்னாவா? தொண்டை கட்டின காக்காய் மாதிரி இருக்குடி!"

"அழற மாதிரி இருக்கு. அந்தப் பையன் ஊதறதும் அழற பாட்டுதானே? அழறவா குரல் என்னிக்கு சுத்தமா இருந்திருக்கு? எட்டு வருஷமாக் கேக்கறேன். அப்பா போயிட்டார், உடனே கிளம்பி வான்னு லைன்ல சொல்றவா எல்லாம் இந்தக் குரல்லதான் சொல்றா."

"டிரங்க் கால் கேட்டுக் கேட்டு உன் காது கெட்டுக் குட்டிச்சுவராப் போயிடுத்து. சங்கீதம் பத்தி உன்கிட்ட நான் கேட்டேனா?"

"கேக்கலை."

"அப்போ?"

"அப்போ ஒண்ணுமில்லை. சாம்பார் கொதிக்கறது."

பற்பொடி டப்பா குப்பைக் கூடைக்குப் போயிற்று. அபயம் குனிந்து அதை எடுத்துக்கொண்டாள். கிட்டு பார்த்தார். ஓமமோ கடுகோ போட்டு வைக்கப் போகிறாள் என்று விட்டுவிட்டார்.

பிறகு ஆரம்பித்தது சுத்திகரிப்பு. கரகரப்பை ஒழிக்க வேறு வில்லை, வேறு கம்பி, வேறு கூடு. தலையணையில் இருந்த பஞ்சு மைக்குக்குள் குடியேறியது. தலையணை தட்டையாயிற்று. அபயத்தின் கல்யாணப் புடவையில் ஒரு முழம் பட்டு, காற்றை வடிகட்டுவதற்காக மைக்கின் வாயில் ஒட்டிக்கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, சல்லடை மாதிரி ஒரு மூடி தேவைப்பட்டது. கிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். காபி ஃபில்டரின் ஓட்டைத் தட்டு பளபளவென்று அவரைப் பார்த்தது. மறுநாளிலிருந்து அந்த வீட்டில் காபி, பழைய வேஷ்டித் துணியில் வடிந்தது.

இந்தக் களேபரத்துக்கு நடுவில் ஒரு நாள் தபாலில் கவர் ஒன்று வந்தது. அபயம் ஷிஃப்டுக்குப் போயிருந்தாள். கிட்டு பிரித்தார். அபயாம்பாளுக்கு பூனாவில் மூன்று மாத சூபர்வைசர் பயிற்சி. சம்மதமா என்று உடனே எழுதவும்.

மூன்று மாதம்! யார் சமைப்பது? யார் மைக்கைப் பிடித்துக்கொண்டு "ஒன், டூ, த்ரீ" சொல்வது? இங்கே புருஷன் பெயர் பொறிக்கிற நேரம், அங்கே இவள் பூனாவில் போய் உட்கார்ந்துகொண்டால்?

ஆபீஸ் டைப்ரைட்டரில் கிட்டு தானே பதில் அடித்தார். 'குடும்பக் காரணங்களை முன்னிட்டும், கணவருடைய நலனை முன்னிட்டும், இந்த வாய்ப்பை நன்றியுடன் மறுக்கிறேன். இது குறித்து இனி எனக்கு எழுத வேண்டாம்.' அத்தனையும் இங்கிலீஷில். நல்ல இங்கிலீஷ். இரண்டு தடவை படித்து அவரே ரசித்தார். கீழே அபயாம்பாள் கையெழுத்தை அபயாம்பாளைவிட அழகாகப் போட்டார். தபாலில் சேர்க்க டெஸ்பாட்ச் குமாஸ்தாவுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

"எனக்கு ஏதாவது கவர் வந்துதான்னா?" என்று அந்த வாரம் அபயம் கேட்டாள்.

"இல்லையே."

மறுவாரமும் கேட்டாள். அதற்கடுத்த வாரமும். "இல்லைன்னா இல்லை. தபால்காரனா நான்?" என்று கிட்டு சீறினார். நாலாவது வாரம் அவள் கேட்கவில்லை. நாலு வருஷமாக அவள் அந்த ஒரு கவருக்காகத்தான் தவம் கிடந்தாள் என்று இந்த மனிதருக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தார், பாவி. அதற்கப்புறம் அவள் குரல் முன்னைவிட அதிகமாகக் கரகரத்தது. கிட்டு மறுபடியும் கஷாயம் சொன்னார்.

ஒரு நாள் சாயங்காலம் உள்ளங்கை அளவு கொடுக்க பரீத் வந்தான். உள்ளே பார்த்து, "அக்கா, அந்த ரப்பர் இப்ப சரியா..." என்று ஆரம்பித்து, கிட்டுவைக் கண்டதும் விழுங்கினான்.

"இத்தனை நாள் மாமி. இன்னிக்கு என்னடா அக்கா?"

"வாய் தவறிட்டு சார்."

"என்ன ரப்பர்?"

"செருப்பு வாரு, சார். அத்துப் போச்சு."

கிட்டுவுக்கு அன்றைக்கு முதுகுவலி. ஒத்தடம் கொடுக்க வெந்நீர்ப் பையைத் தேடினார். காணோம்.

"ஓட்டையாயிடுத்து, போட்டுட்டேன்," என்றாள் அபயம். கிட்டு அதற்கு மேல் யோசிக்கவில்லை. பெயரை வட்டமாகப் பொறிப்பதா, சாய்வாகப் பொறிப்பதா என்கிற பெரிய பிரச்னை அவருக்கு இருந்தது.

சனிக்கிழமை வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு, கூட்டம் சேர்வதற்கு முன்னால், ரெஸ்டாரண்டில் பரீட்சை. கிட்டு கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டார். அபயமும் கைப்பையோடு கிளம்பி நின்றாள்.

"நீ எதுக்கு?"

"பேர் வைக்கறதைப் பாக்க வேண்டாமா?"

கிட்டுவுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் பெண்டாட்டி பெண்டாட்டிதான் என்று நினைத்துக்கொண்டார்.

பஞ்சாபகேசன் ஏற்கெனவே வந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். கிட்டு தம் மைக்கை எடுத்து பரீத் கையில் வைத்தார். பரீத் பொத்தினான், ஊதினான். சத்தம் வந்தது. ஒரு பிசிறு இல்லை, ஒரு கரகரப்பு இல்லை. மேஜை துடைத்துக்கொண்டிருந்த வெயிட்டர் கொட்டாவி விட்டான்.

"எப்படிடா?" என்றார் கிட்டு.

"சுத்தமா இருக்கு சார். ஏக்தம் சுத்தம்." பரீத் தலையைச் சொறிந்தான். "ஆஸ்பத்திரி வராந்தா கணக்கா இருக்கு."

"என்ன ஓய் இது, பள்ளிக்கூடத்துப் பிரேயர் மாதிரி இருக்கே?" என்றார் பஞ்சாபகேசன்.

அபயம் கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து வந்தது பற்பொடி டப்பா. விளிம்பைச் சுற்றிக் கனமாக ரப்பர். கிட்டுவின் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்த அதே ரப்பர். பரீத்தின் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கு இல்லாமல் உட்கார்கிற மாதிரி ஒரு பக்கம் தட்டி வளைத்திருந்தது. சாயங்கால ஷிஃப்ட் வாரங்களில், கிட்டு ஆபீசில் கவர் ஒட்டிய பகல்களில், எத்தனை தடவை தட்டி எத்தனை தடவை வளைத்தாளோ. டாக்கிலிருந்து பரீத் எத்தனை தடவை நழுவி வந்து ஊதிப் பார்த்தானோ.

பரீத் பழகிய கையோடு வாங்கினான். பொத்தினான். ஊதினான்.

அடேயப்பா! கர்ர்ர் என்று அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி வந்தது பாருங்கள். அது மவுத்தார்கனா, ஒரு ஆள் கதறுகிறானா என்று சொல்ல முடியவில்லை. அடுக்களையிலிருந்து சமையல்காரன் கரண்டியோடு வெளியே வந்து நின்றான். வெயிட்டர் துணியைக் கீழே போட்டுவிட்டான். கிட்டுவின் தலையே தன்னை அறியாமல் ஆடியது. அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

"இதுதான் ஓய் மைக்!" என்று பஞ்சாபகேசன் எழுந்தே விட்டார். "நூறு என்ன, இருநூறு போடறேன்!"

கிட்டு முழித்துக்கொண்டார். "அது... அது என் டப்பா. வில்லை நான் பிடுங்கினது. முதல் முதல்ல 'கிட்டு, கிட்டு'ன்னு அதுல பேசினவனே நான்தான்! பேரைக் கொஞ்சம் சாய்வாப் போட்டேள்னா..."

"யார் டப்பாவா இருந்தா என்ன ஓய்? பேர்தான் வேண்டாம்னு எழுதிட்டீரே!" பஞ்சாபகேசன் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். "கோடியில ஒரு புருஷன் ஓய் நீர். படிச்சுட்டு என் ஆத்துக்காரிகிட்டக் காட்டினேன். 'நீங்களும் இருக்கேளே'ன்னா."

கிட்டு படித்தார்.

'குடும்பக் காரணங்களை முன்னிட்டும், மனைவியின் நலனை முன்னிட்டும், என் பெயரைப் பொறிக்கும் வாய்ப்பை நன்றியுடன் மறுக்கிறேன். எந்த மைக் தேறினாலும் அதில் என் மனைவி அபயாம்பாளின் பெயரையே பொறிக்கவும். இது குறித்து இனி எனக்கு எழுத வேண்டாம்.'

நல்ல இங்கிலீஷ். கீழே கிட்டுவின் கையெழுத்து, கிட்டுவைவிட அழகாக.

அபயம் அவர் காதோரம் குனிந்தாள்.

"பூனா எக்ஸ்சேஞ்சில மர்யம்னு ஒருத்தி. ஆறு வருஷமா தினம் லைன்ல பேசறோம். முகம் பாத்ததில்லை. அங்க ஆபீசுக்கு வந்து சேர்ந்த, நான் எழுதாத லெட்டரை எனக்கு அவதான் படிச்சுக் காட்டினா. ரெண்டு தடவை படிக்கச் சொல்லி எழுதிண்டேன். அன்னிக்கு அவளுக்கு என் குரல் சரியாக் கேக்கலையாம். லைன் கரகரங்கறதுன்னு சொன்னா. லைன் நன்னாத்தான் இருந்தது."

கிட்டு கடிதத்தை மடித்தார், மறுபடி பிரித்தார்.

"என்ன ஓய், கையெழுத்து உம்மோடதுதானே?" என்றார் பஞ்சாபகேசன்.

"இல்லைன்னு சொல்லுங்கோ," என்றாள் அபயம் மெதுவாக. "அடுத்தவா பேர்ல லெட்டர் எழுதற பழக்கம் நம்மாத்துல யாருக்குன்னு அவர் கேப்பார். சாவகாசமாச் சொல்லலாம்."

கிட்டு பஞ்சாபகேசனைப் பார்த்தார். பரீத்தைப் பார்த்தார். கரண்டியோடு நின்ற சமையல்காரனைக்கூடப் பார்த்தார்.

"என்னோடதுதான்," என்றார்.

திங்கட்கிழமை அபயம் பெட்டியைக் கட்டினாள். பூனாவில் அடுத்த பேட்சில் இடம் இருந்ததாம். சம்மதம் என்று எழுதிவிட்டாளாம்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே?"

"எதுக்கு? என் கையெழுத்து எனக்கே போடத் தெரியும்."

"காபிக்கு நான் என்னடி பண்ணுவேன்?"

"பொடி மேல் தட்டுல இருக்கு. ஃபில்டர் தட்டு உங்க மைக்ல இருக்கு."

போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கிட்டு தம் மைக்கைப் பிரித்தார். பஞ்சையும் பட்டையும் பிய்த்துப் போட்டுவிட்டு, ஓட்டைத் தட்டை எடுத்துக் கழுவி ஃபில்டரில் பொருத்தி வெந்நீர் விட்டார். டிகாக்ஷன் இறங்குகிற வரைக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பால்கனிக் கதவு காற்றில் ஆடியது, சத்தம் இல்லை. ரேடியோ பிரித்துப் போட்டபடியே கிடந்தது. பெண்டாட்டி பூனாவில். வீட்டில் எதுவுமே கரகரக்கவில்லை.

பழக்க தோஷத்தில், "அபயம், காபி" என்று கூப்பிட்டார். குரல் கரகரத்தது.