ஏஞ்சலாவின் இரண்டு அப்பாக்கள்

மோட்டார் சைக்கிளைக் காலால் உந்தி உந்திக் கிரகோரி முன்னேறிய தூரம், ஒரு லாரியின் நீளம்கூட இருக்காது. முன்னால் ஹெல்மெட்டுகள். பின்னால் ஹெல்மெட்டுகள். எல்லாவற்றின் மேலும் மழை. சிங்கப்பூரில் வேலை முடித்தவர்கள் மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கு வீடு திரும்பும் பாலம், வெள்ளிக்கிழமை மாலை எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

கைப்பேசி அலறியது. மகள் ஏஞ்சலா.

"டேடி, எங்க இருக்கீங்க?"

"பாலத்துலதாம்மா. கடல் தெரியுது."

"எந்தப் பக்கத்துக் கடலு?"

"சிங்கப்பூர் பக்கம்."

ஏஞ்சலா பெருமூச்சு விட்டாள். பத்து வயதுக்கு அது சற்றுப் பெரிய பெருமூச்சுதான்.

"டேடி, மிஸ் ஹார்ப்பர் நாற்காலிய எல்லாம் போட்டுட்டாங்க. உங்க நாற்காலி மட்டும் காலியா இருக்கு."

ஏஞ்சலா படிப்பது அனைத்துலகப் பள்ளியில். அங்கே ஒரு வழக்கம். தவணை முடிவில் ஆசிரியர் பெற்றோரிடம் பேச மாட்டார். பிள்ளையே தன் வேலைகளை விரித்துவைத்து, எதில் கெட்டி, எதில் மக்கு என்று பெற்றோருக்கு விளக்க வேண்டும். ஆசிரியர் ஓரமாக உட்கார்ந்து புன்னகைப்பார். பெற்றோரில் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். அதுவும் ஏஞ்சலாவைப் போல உதவித்தொகையில் படிக்கும் பிள்ளை என்றால், இரண்டு முறை வராமல் போனாலே உதவித்தொகை மறுபரிசீலனைக்குப் போய்விடும். அது இல்லையென்றால் அந்தப் பள்ளியின் வாசல் கேட்டைத் தொட்டுப் பார்க்கும் வசதிகூட இந்தக் குடும்பத்துக்குக் கிடையாது.

சென்ற தவணையும் கிரகோரி வரவில்லை. அன்றும் இதே பாலம்.

மனைவி வினிஃப்ரெட் சிங்கப்பூர் மருத்துவமனையில் தாதி. மாலை வேலை. நோயாளியை விட்டுவிட்டு ஓடிவர முடியாது. வந்தாலும் இதே வரிசையில் கிரகோரிக்குப் பின்னால்தான் நிற்பாள்.

கிரகோரி, வினிஃப்ரெட்டின் தம்பியான மைத்துனன் எல்வினை அழைத்தார். அவன் வீடு பள்ளிக்குப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில்.

"எல்வின், உடனே ஏஞ்சலா ஸ்கூலுக்குப் போயி உட்காரு. வாயத் தொறக்காத. தலைய மட்டும் ஆட்டு."

"சரி மச்சான். மாமான்னு சொல்லிடறேன்."

"மாமா செல்லாதாம். பெத்தவங்கதான் வரணுமாம்."

"அப்ப?"

ஹெல்மெட் கண்ணாடியில் வழிந்த மழையைக் கிரகோரி கையால் துடைத்தார். மூன்று பைக் தள்ளி ஒருவர் நின்றபடியே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். இப்போதைக்கு நகராது.

"இன்னிக்கு மட்டும் நீதான் நான்."

"அலமாக்! உங்கள மாதிரி இருக்கணும்னா தொப்பை வேணுமே மச்சான்!"

"வயித்த உப்பிக்க. போடா, சீக்கிரம்!"

இந்தத் திட்டத்தில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. எல்வின், ஜொகூர் பாருவின் கல்யாண மண்டபங்களில் மைக் பிடித்துப் பிழைப்பவன். மணமகளின் தூரத்து உறவு மண்டபத்துக்குள் நுழைந்தால்கூட இரண்டு நிமிடம் வரவேற்றுப் பேசுவான். அவனிடம் போய் வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தார் கிரகோரி.

இரவு அவர் நனைந்த கோழியாக வீடு வந்தபோது, எல்வினும் ஏஞ்சலாவும் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், ரொம்ப நல்லா போச்சு!"

"எவ்வளவு நல்லா?" என்றார் கிரகோரி கவலையோடு.

"டேடி, மாமா தினமும் தூங்கப் போறப்ப எனக்குக் கதை சொல்வாராம்," என்றாள் ஏஞ்சலா. "ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சி வந்து பிரியாணி ஆக்குவாராம். என்னைய ஒரு தடவகூட திட்டுனதே இல்லையாம். மிஸ் ஹார்ப்பர் அழுதுட்டாங்க."

"உன்ன யாருடா இவ்வளவு நல்லவனா இருக்கச் சொன்னது?"

"நான் என்னைப் பத்தியா சொன்னேன்? உங்களப் பத்திதான சொன்னேன்!" என்றான் எல்வின். "இன்னொரு விசயம். அடுத்த வாரம் ஸ்கூல்ல அனைத்துலக நாளாம். அதுக்கு மைக் புடிச்சி நடத்தப் போறது நான்தான், எம்.சி. அதாவது, நீங்கதான் எம்.சி."

"முடியாதுன்னு சொல்லு. காய்ச்சல்னு சொல்லு."

ஏஞ்சலா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "மாமா வரலைன்னா, டேடி வரலைன்னு ஆயிடும் டேடி."

அந்தக் கணக்கைக் கிரகோரியால் உடைக்க முடியவில்லை.

அனைத்துலக நாள் அன்று ஒவ்வொரு குடும்பமும் தன் நாட்டு உடையில் வந்திருந்தது. கொரிய அம்மாக்கள் குடையாய் விரிந்த பாவாடையில் நகர்ந்தார்கள். ஸ்காட்லாந்து அப்பா ஒருவர், பாவாடை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு வெயிலில் சிவந்துகொண்டிருந்தார். ஏஞ்சலா பாவாடை தாவணியில் மேடையேறக் காத்திருந்தாள். மகளின் நடனத்தைப் பார்க்காமல் இருக்கக் கிரகோரிக்கு மனம் வரவில்லை. வந்துவிட்டார்.

"நான் இப்ப யாரு?" என்று மகளிடம் கிசுகிசுத்தார்.

"நீங்க எல்வின் மாமா. இன்னும் கல்யாணம் ஆகல. ஜாலியா இருங்க."

"ஜாலியா எப்படிம்மா இருக்கறது?"

"ஃபீஸ் பத்திப் பேசாதீங்க. அது போதும்."

மேடையில் எல்வின் ஜொலித்தான். பட்டு ஜிப்பா. ஆங்கிலம், மலாய், தமிழ் மூன்றிலும் நகைச்சுவை. பள்ளி முதல்வரே எழுந்து நின்று கைதட்டினார். "மிஸ்டர் கிரகோரி! மிஸ்டர் கிரகோரி!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். உண்மையான கிரகோரி வடைக் கடை ஓரமாக ஒதுங்கி நின்றார்.

மிஸ் ஹார்ப்பர் அவரை நோக்கி வந்தார். ஆங்கிலத்தில் கேட்டார்.

"நீங்கள் ஏஞ்சலாவின்...?"

"நான்... கிரகோரியின் மைத்துனன்."

"கிரகோரி மாதிரி ஒரு தந்தை கிடைப்பது அபூர்வம்."

"ஆமாம்," என்றார் கிரகோரி. "எனக்கே போன வாரம்தான் தெரிந்தது."

அந்த நேரம் பார்த்து வினிஃப்ரெட் வந்து சேர்ந்தாள். வேலையைத் தோழியிடம் மாற்றிக்கொண்டு, கணவனுக்கு ஆச்சரியம் தரலாம் என்று சொல்லாமல் வந்திருந்தாள். கிரகோரியும் அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"என்னங்க இப்படி வேர்க்குது!" என்று சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தாள். "காலையில பசியாறாம ஓடி வந்துட்டீங்க. வாயத் தொறங்க." ஒரு வடையைப் பிட்டு ஊட்டினாள்.

பள்ளியில் சேர்த்த நாளிலேயே ஏஞ்சலாவின் தாயைப் பார்த்திருந்த மிஸ் ஹார்ப்பரின் புன்னகை பாதியில் நின்றது.

கிரகோரி ஓரடி பின்வாங்கினார். பதற்றத்தில், "வேணாம்க்கா," என்றார்.

"அக்காவா? என்னங்க ஆச்சி உங்களுக்கு? காய்ச்சலா?" வினிஃப்ரெட் தாதி அல்லவா? உடனே நெற்றியில் கை வைத்தாள். கழுத்தில் கை வைத்தாள். ஜிப்பாவின் மேல் பொத்தானையும் கழற்றிவிட்டாள்.

மிஸ் ஹார்ப்பர் உதவி தேடுவதுபோல மேடையைப் பார்த்தார். அங்கே இன்னொரு நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. எல்வினுக்கு நிச்சயமான பெண் எவ்லின், கூட்டத்திலிருந்து பாய்ந்தோடி மேடையேறி அவனைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள்.

அந்த ஆசிரியையின் கையிலிருந்த பண்டுங் கோப்பை சாய்ந்து, ரோஸ் நிறப் பால் வெள்ளைக் காலணியெல்லாம் வழிந்தது. ஏஞ்சலாவின் தாய், தன் கணவரின் மைத்துனருக்கு வடை ஊட்டுகிறார். ஏஞ்சலாவின் தந்தை, மேடையில் ஒரு இளம்பெண்ணிடம் முத்தம் வாங்குகிறார். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே திடலில். பிள்ளையோ நடுவில் நின்று கைதட்டுகிறாள்.

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. புதிதாக வந்திருக்கும் மாணவர் நல ஆலோசகர் லோஷினி, குடும்பத்தின் நிலை குறித்துப் பேச விரும்புகிறாராம். தந்தை வர வேண்டுமாம். ஆலோசகரின் அறிக்கை முதல்வருக்குப் போகுமாம்.

வீட்டில் நீதிமன்றம் கூடியது.

"என் தம்பிய அப்பனாக்கிட்டு, என்னைய அக்காவாக்கிட்டீங்க," என்றாள் வினிஃப்ரெட். "இப்ப புள்ள படிப்பே போகப் போவுது."

"மச்சான், நானே போயி ரெண்டு வார்த்த பேசி..." என்று ஆரம்பித்தான் எல்வின்.

"நீ பேசவே பேசாத!" என்று கணவனும் மனைவியும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"நானே போறேன்," என்றார் கிரகோரி. "மறைக்காம எல்லாத்தையும் சொல்லிடறேன். அதுக்கப்புறம் ஆண்டவர் விட்ட வழி."

சந்திப்பு நாளன்று அவர் வேலைக்கு விடுப்பு எடுத்தார். பாலத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகப் பள்ளிக்கு நேரத்தோடு வந்து சேர்ந்தார்.

கதவில் லோஷினியின் பெயர்ப்பலகை. உள்ளே ஒரு பெண்மணி. கூந்தல் இன்னும் ஈரமாக இருந்தது. மேலே அவசரமாகப் போட்ட பாத்திக் சட்டை, பொத்தான் ஒன்று மாறிப்போயிருந்தது. கழுத்தில் ஒரு கயிறு, சட்டைக்குள் இறங்கியிருந்தது. சிலுவையாக இருக்கும், நம்ம ஆள்தான் என்று கிரகோரிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அறையில் லேசாக ஏதோ மருந்து வாசனை. சுத்தமான பள்ளி என்று நினைத்துக்கொண்டார்.

"உட்காருங்க சார். சொல்லுங்க."

கிரகோரி சொன்னார். கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு மண்டியிட்டவர்போலத் தலைகுனிந்து சொன்னார். பாலம், மழை, எல்வின், பிரியாணி, வடை, அக்கா, எதையும் விடவில்லை.

"நான்தான் மிஸ் உண்மையான அப்பா. எம்.சி. என் மச்சான். அந்தப் பொண்ணு அவனுக்கு நிச்சயமானவ."

அந்தப் பெண்மணி வெகுநேரம் தலையாட்டினார். "ம்ம். அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சி?"

"முங்கிப் போன மாதிரி இருந்துச்சி மிஸ்."

அதுவரை மங்கலாக இருந்த அவர் முகம் சட்டென்று ஒளிபெற்றது. "அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க சார்! பயந்து கையக் கால உதறுவாங்க. உதறுனா உள்ளதான் போவோம். முதல்ல உடம்பத் தளர்த்தணும். மூச்ச இழுத்துப் புடிக்கணும். மல்லாந்து படுத்தா தானா மெதப்போம்."

எவ்வளவு ஆழமான பேச்சு! கிரகோரிக்குக் கண் கலங்கியது. இத்தனை ஆண்டு கோயில் பிரசங்கத்தில்கூட யாரும் அவருக்கு இப்படிப் புரியும்படி சொன்னதில்லை.

"உதவித்தொகைக்கு ஒண்ணும் ஆகாதே மிஸ்? எம்மவ இந்த ஸ்கூல்னா உயிரு."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். பிறகு கிரகோரியைப் பார்த்தார்.

"ஆகாது. குடும்பத்துல ஒரு பிரச்சினையும் இல்லைன்னுதான் அறிக்கை போகும். மிஸ் ஹார்ப்பர்கிட்ட யாரு அப்பா, யாரு மாமான்னு பக்குவமா எடுத்துச் சொல்லிடலாம். அடுத்த சந்திப்புக்கு நீங்களே வந்துடுங்க. பாலம் ஜாமாச்சின்னு யாரையாச்சும் அனுப்புற வேலையெல்லாம்..." இங்கே அவர் குரல் ஏனோ இறங்கியது. "நல்லதில்ல சார்."

"சத்தியமா இனிமே செய்ய மாட்டேன் மிஸ்!"

கிரகோரி எழுந்து இரண்டு கைகளாலும் அவர் கையைப் பற்றிக் குலுக்கினார். கை சில்லென்று இருந்தது. விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. பாவம், பிறர் கவலையைக் கேட்டுக் கேட்டு இளைத்த கை என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

வாசலில் ஏஞ்சலா. தலையில் ரப்பர் தொப்பி. நெற்றியில் நீச்சல் கண்ணாடி. தோளில் துண்டு.

"கோச் பிரேமலா! நாங்க எல்லாரும் குளத்துகிட்ட வரிசையா நிக்கிறோம். எப்ப வர்றீங்க?" என்றவள் அப்போதுதான் தந்தையைக் கவனித்தாள். "டேடி? நீங்களும் நீச்சல் கத்துக்கப் போறீங்களா?"

கிரகோரி மெல்லத் திரும்பினார். அந்தப் பெண்மணி அவசரமாக எழுந்ததில், கழுத்துக் கயிறு சட்டைக்கு வெளியே வந்து தொங்கியது. அதன் நுனியில் சிலுவை இல்லை. விசில் இருந்தது.

பிரேமலா ஓடிவந்து கதவைச் சாத்தினார். சாத்திய கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, கெஞ்சும் குரலில் சொன்னார்:

"முதல்வர்கிட்ட சொல்லிடாதீங்க சார். லோஷினி மிஸ், சிங்கப்பூர்ல இருக்கற அவங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பறப்ப பாலத்துல மாட்டிக்கிட்டாங்க. ரெண்டாவது தடவையும் லேட்டுன்னா வேலை போயிடுமாம். உட்கார்ந்து தலைய மட்டும் ஆட்டு, இன்னிக்கு மட்டும் நீதான் நான்னு சொல்லிட்டாங்க!"