பித்தளை மணி பார்த்த ரத்தம்

ஊரே அந்தத் தையல் கம்பெனிக்குள் திரண்டுவிட்டது! காரணம், ரத்தஞானி என்ற சாமியார். ஊசி வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம். கயிற்றில் கட்டிய பித்தளை மணியை உங்கள் நாடிமேல் தொங்கவிடுவார். நேராக ஆடினால் சுத்த ரத்தம். சுற்றினால் எய்ட்ஸ்! உலகத்து விஞ்ஞானிகள் எல்லாம் இத்தனை காலம் ஒரு மணி இல்லாமல்தான் திண்டாடினார்கள், பாவம்.

முதலாளியே கும்பிட்டு அழைத்துவந்து சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்திருந்தார். காப்புக் கயிறு விற்பனை வேறு. அதைக் கட்டிக்கொண்டால் நோயாளி மேலே விழுந்து புரண்டாலும் ஒட்டாதாம்.

டீ மாஸ்டர் ஒல்லிக்குச்சியின் முறை வந்தது. ஞானி அவனை ஏற இறங்கப் பார்த்தார். மணி கிறுகிறுவென்று சுற்றியது.

"ஐயையோ, காலையில இவன் போட்ட டீயக் குடிச்சனே!" என்று சூப்பர்வைசர் அலறினார்.

"நாளைலேருந்து வேலைக்கு வராதப்பா," என்றார் முதலாளி, எட்ட நின்று.

"பொறந்ததுலேருந்தே நான் இப்படி ஒல்லியாத்தான் சார் இருக்கேன்!" ஒல்லிக்குச்சி அழுதேவிட்டான்.

பட்டன் தைக்கும் அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் அவள் பிழைப்பு போகும். திறக்காவிட்டால் இவன் பிழைப்பு. வருவது வரட்டும் என்று போய்க் கையை நீட்டினாள். கொழுகொழு கை.

மணி நேராக ஆடியது. "ஆகா, பசும்பால் மாதிரி ரத்தம்! இந்தத் தாயி கையைத் தொட்டாலே புண்ணியம்!" ஞானியே முதலில் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விடுமா கூட்டம்? முட்டி மோதித் தொட்டது. முதலாளி இரண்டு தடவை தொட்டார், புண்ணியத்திலும் ஓவர்டைம்!

அக்கா பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தாள்.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு சாமி, பல வருஷமா. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்துச் சொன்னாங்க. தெனமும் மாத்திரை போடறேன், நல்லா இருக்கேன். ஒல்லியா இருந்தா நோயாளி, சதையா இருந்தா பசும்பாலா?"

முதலில் குழாயடிக்குப் பாய்ந்தவர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் ரத்தஞானிதான்! சோப்புக் கட்டி கரையக் கரையக் கையைத் தேய்த்தார்.

"என்ன சாமி, உங்க கயிறு உங்களுக்கே வேலை செய்யலியா?" என்றான் ஒல்லிக்குச்சி.

கூடமே வெடித்துச் சிரித்தது. ஈரக் கையோடு எடுத்தார் பாருங்கள் ஞானி ஓட்டம்!

முதலாளி மட்டும் தன் உள்ளங்கையையே வெறித்தார். "ஏம்மா, தொட்டுட்டேனே... எனக்கு வந்துருமா?"

"தொட்டா வராதுங்க. டீயிலயும் வராது. கூட்டத்துல ஒருத்தர்ட்டேருந்து ஒருத்தருக்குத் தொத்துறது முட்டாள்தனந்தான். அதுக்கு ஆஸ்பத்திரியில மாத்திரை இல்ல. அவங்கவங்க யோசிச்சாத்தான் தீரும்!"