பன்னிரண்டு மணிக்குள் பத்துக் குண்டு

துப்பாக்கி வைத்திருப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் சுடும். இன்னொரு ரகம் சரித்திரம் சொல்லும். முதல் ரகத்தால் இலக்கு அட்டையில் ஓட்டை விழும், இரண்டாவது ரகத்தால் நம் காதில்.

பிரான்சில் எங்கள் ஊர்த் துப்பாக்கி சுடும் கழகத்தில் இரண்டாம் ரகத்துக்கு முசியே ஒக்தாவ்தான் திலகம். (முசியே என்றால் நம்மூர் ‘ஐயா’.) ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு சிப்பாய்களைச் சின்னக் குண்டில் பழக்குவதற்காக பிரெஞ்சு ராணுவம் செய்த மாஸ் 45 துப்பாக்கி ஒன்று அவரிடம் இருக்கிறது. அதைத் துடைப்பார், எண்ணெய் போடுவார், ஃபிளானல் துணியில் சுற்றுவார், அவிழ்ப்பார், காட்டுவார், மறுபடி சுற்றுவார். சுடுவாரா? அதற்கு நேரம் ஏது?

அந்த ஞாயிற்றுக்கிழமை அதை இரவல் கேட்கும் தலைவிதி ரொட்டிக்கடை சொலாஞ்சுக்கு வந்தது. அவளுடைய துப்பாக்கியில் சுருள்வில் உடைந்துவிட்டது. மாவட்ட அணியில் இருந்ததோ ஒரே ஓர் இடம். அதற்கு அன்றே பத்துக் குண்டில் நூற்றுக்கு எண்பத்தைந்து புள்ளி வேண்டும். போன வருஷம் ஒற்றைப் புள்ளியில் கோட்டை விட்டு, அடுப்படியில் நின்று அழுதவள் அவள். மணி பதினொன்றரை. பன்னிரண்டு அடித்தால் களப் பொறுப்பாளர் பப்தீஸ்த் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். யுத்தமே வந்தாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் வரவேண்டும்.

"தர்றேம்மா, தாராளமா தர்றேன். ஆனா கையில எடுக்கறதுக்கு முன்னாடி இது யாருன்னு தெரியணுமில்ல?" என்றார் ஒக்தாவ்.

"சுட்டுட்டு வந்து கேக்கறேனே, முசியே?"

"ஜெர்மனியில நம்ம பட்டாளம் பிடிச்ச இடத்துல ஒரு தொழிற்சாலை. அங்க அவங்களோட பயிற்சித் துப்பாக்கி. அதை வச்சுத்தான் இதை ஆரம்பிச்சாங்க. அப்புறம் நம்ம சேந்த்‑எத்தியேன் ஊர்ல செஞ்சாங்க. ஆனா இந்தப் பின்குறி இருக்கே, கண்ணை வச்சுக் குறி பாக்கற இந்த வட்டத் துளை..."

வட்டத் துளையிலேயே பதினைந்து நிமிஷம் போயிற்று. துப்பாக்கி அவர் மடியை விட்டு அசையவில்லை. சொலாஞ்ச் கடிகாரத்தைப் பார்த்தாள். அடப்பாவி மனுஷா, இந்த வருஷமும் போச்சா? சட்டென்று காபி மேசையில் இருந்த இன்னொரு கழக உறுப்பினர் பக்கம் கையைக் காட்டினாள்.

"முசியே, அந்தத் துளையும் ஜெர்மன்காரன் மூளைதான்னு ஃபிர்மேன் சொல்றாரே?"

"யாரு? அவனா? எங்க அவன்?"

துப்பாக்கியை அவள் கையில் திணித்துவிட்டுப் பாய்ந்தார். ஒரு பாவமும் அறியாமல் காபி குடித்துக்கொண்டிருந்த ஃபிர்மேனின் சட்டைப் பொத்தானைப் பிடித்து, 1945இலிருந்து தொடங்கினார். சொலாஞ்ச் குப்புறப் படுத்தாள். மூச்சைப் பிடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... பத்து.

தொண்ணூற்றொன்று!

மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. ஒக்தாவ் வெற்றியோடு திரும்பினார். "ஒத்துக்கிட்டான்! சரி, இப்ப என் முறை. பட்டியல்ல சொலாஞ்சுக்கு அடுத்து நான்தான்."

பப்தீஸ்த் சாவியை ஆட்டினார். "மணி பன்னெண்டு, முசியே. பதினோரு வருஷமா உங்க பேர் இருக்கு, பக்கத்துல புள்ளியைத்தான் காணோம்."

ஒக்தாவின் முகம் ஒரு கணம் சுருங்கிப் போயிற்று. பார்த்த சொலாஞ்சுக்கே பாவமாக இருந்தது. பிறகு துணியை எடுத்தார், துப்பாக்கியைச் சுற்றினார். "பாத்தியா? தொண்ணூத்தொண்ணு! எல்லாம் அந்த வட்டத் துளை. அதைப் பத்தி இன்னும் பாதிதான் சொல்லியிருக்கேன்..."

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறதே அந்தக் கேமரா, போன வாரம் வந்த விருந்தாளிக்கு அதைப் பற்றி எவ்வளவு நேரம் சொன்னீர்கள்? அவர் காபி ஆறிப்போனதைக் கவனித்தீர்களா? அதில் நீங்கள் கடைசியாகப் படம் எடுத்தது எப்போது?