ரவிக்குக் குரல் கொடுப்பதை நான் விட்டுவிட்டேன்

குட்மேய்ஸ்,
14.06.2005

என்றும் அன்பு குறையாத மலரக்காவுக்கும் வைத்தியநாதன் அத்தானுக்கும்,

லண்டனிலிருந்து தங்கை ஜெயகௌரி எழுதுவது. வெஸ்ட் ஈலிங் அம்மன் புண்ணியத்தில் இங்கே நான், இவர், கிருஷாந்த் மூன்று பேரும் நடமாடுகிறோம். அத்தானின் முழங்கால் நோவும் உங்கள் சீனி வருத்தமும் இருக்கிற இடத்திலேயே நின்று இதற்கு மேல் ஏறாமல் இருக்க அவளையே வேண்டிக்கொள்கிறேன்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குக் குரல் இல்லை. சனிக்கிழமையிலிருந்து தொண்டையில் காற்றுத்தான் வருகிறது. டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, ஏழு நாளைக்கு ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது என்று துண்டில் எழுதித் தந்தார். இவர் அந்தத் துண்டை வாங்கி இரண்டு தரம் வாசித்துவிட்டு, மடித்துக் கவனமாகப் பொக்கற்றுக்குள் வைத்தார். பதினாறு வருடக் குடித்தனத்தில் இந்த மனிதரின் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் விதுஷா பார்மஸிப் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு, லண்டனுக்கு வந்து என்னைப் போலக் கார்ட்டூனுக்குக் குரல் கொடுக்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்பதாகவும், நான் முதலாளி குகநாதனிடம் ஒரு சொல் சொல்லி அவளைச் சேர்த்துவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். போதாக்குறைக்கு, "உனக்கென்ன கௌரி, ஏசி அறைக்குள்ளை இருந்து நாலு கதை கதைக்கிற வேலை" என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் மூன்று தரம் வாசித்தேன். அக்கா, பிள்ளையை அனுப்ப வேண்டாம். நானே அந்த வேலையைத் தலைமுழுகிவிட்டேன். ஏன் என்று எழுதுகிறேன், அவளையும் பக்கத்தில் இருத்தி வைத்து வாசியுங்கள்.

முதலில் அந்த ஏசி அறை. அப்டன் பார்க்கில் குகநாதனுடைய மீன்கடைக்கு மேலே இருக்கிற அறை அது. ஐரோப்பாவில் பிறந்த எங்கள் பிள்ளைகள் தமிழை மறக்கிறார்கள் என்று சற்றலைற் ரீவிக்காரர் கவலைப்பட, அதுவரைக்கும் கலியாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த இந்த மனிதர், ஒரு ஜப்பான் கார்ட்டூனைத் தமிழில் பேசவைத்துத் தருகிறேன் என்று பொறுப்பெடுத்தார். சுவரெல்லாம் பழைய போர்வைகளை ஆணியடித்து, ஜன்னலை அரிசிச் சாக்கால் அடைத்து, அதற்கு ஸ்டூடியோ என்று பெயர் வைத்தார். கீழே மீன் வைக்கிற ஐஸ்பெட்டி இரைகிற சத்தம் மைக்குக்குள் வருவதால், உருக்கமான காட்சி வந்தால் காலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். கீழே அவருடைய மனைவி மயூரா பெட்டியை நிற்பாட்டுவா. ஐந்து நிமிடத்துக்கு மேல் உருகக்கூடாது, உருகினால் மீன் பழுதாகிவிடும். நாலு வருடமாக நான் பட்ட சோகமெல்லாம் விளைமீனும் பாரையும் தாங்குகிற அளவுக்குத்தான்.

நான்தான் ரவி. ரவி என்றால் பதினொரு வயதுப் பையன், நீலத் தலைமயிர், முதுகில் வாள். ஜப்பானில் அவனுக்கு வேறு பெயர், அது எங்கள் பிள்ளைகளின் வாயில் நுழையாது என்று குகநாதன் ரவி ஆக்கிவிட்டார். ரவியின் தாயும் நான்தான், ரவியைக் கொல்லத் திரிகிற சூனியக்காரியும் நான்தான், ஏனென்றால் வேறு ஆள் இல்லை. பதினெட்டாம் பாகத்தில் சூனியக்காரி தாயை மலையிலிருந்து தள்ளிவிட, மகன் ஓடிவந்து பார்த்துக் கதறுகிறான். அதாவது நான் என்னைத் தள்ளி, நான் விழுந்து, நான் கதற வேண்டும். அது ஒரு வெள்ளிக்கிழமையில் வந்து வாய்த்தது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாய், விளக்கு வைத்த கடையில் பொம்பிளை அழுதால் வியாபாரம் விளங்காது என்று மயூரா படிக்குக் குறுக்கே நின்றா. ஒளிபரப்போ ஞாயிறு காலையில். கடைசியில் தோஷம் கழிய அவ பக்கத்தில் கற்பூரம் கொளுத்திக்கொண்டு நிற்பது, நான் அழுவது என்று இணக்கமாயிற்று. கற்பூரப் புகைக்கு நெருப்பு மணி அடித்தது. திரும்ப எடுக்க நேரமில்லை, தாய் உயிரை விடும்போது பின்னால் கீய் கீய் என்று அது அடித்தபடியே ஒளிபரப்பானது. பின்னணி இசை நெஞ்சை உலுக்கிவிட்டது என்று நோர்வேயிலிருந்து ஒரு தகப்பன் கடிதம் போட்டிருந்தார். முப்பத்தோராம் பாகத்தில் தாய் சாகவில்லை என்று திரும்பி வந்துவிட்டா. அழுத அழுகையை யாரிடம் திருப்பிக் கேட்பது?

வசனம் எழுதுவது நித்தியானந்தன் அண்ணை. ஒன்பது வருடம் உங்கள் பாரிஸில் ஹோட்டலில் வேலைக்கு நின்றவர், பிரெஞ்சு தெரியும், ஜப்பான் மொழி தெரியாது. ஆகவே ஜப்பான்காரன் எழுதியதைப் பிரெஞ்சுக்காரன் விளங்கிக்கொண்ட விதத்தை இவர் விளங்கிக்கொண்ட விதத்தில் நான் பேசுகிறேன். படத்தில் பையன் சோற்று உருண்டையைக் கடிப்பான், நான் "அம்மா அவித்த கொழுக்கட்டை" என்பேன். அவனுடைய வாய் ஏழு தரம் திறந்து மூடும், வசனம் மூன்றில் முடிந்துவிடும், மிச்ச நாலுக்கும் "ம்... ஓகோ... அப்படியா" என்று நிரப்ப வேண்டும். வீரன் என்றால் இந்தியத் தமிழ்தான் எடுப்பு என்று ரீவிக்காரர் கட்டளை வேறு. அந்தக் கதையிலேயே யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பது ஒரு தவளை மட்டும்தான், அதுவும் போகிற வருகிறவர்களிடமெல்லாம் அடி வாங்குகிற தவளை. தமிழை மறக்கக்கூடாது என்று இருத்திக் காட்டுகிற தாய் தகப்பன் வாயைத் திறந்தால் பிள்ளைகள் தவளை, தவளை என்று சிரிக்கிறார்கள். இதுதான் நாங்கள் மொழிக்குச் செய்கிற தொண்டு.

பேசுவதாவது பரவாயில்லை, கத்துவதுதான் வேலை. அடி வாங்கினால் ஒரு கத்து, அடி கொடுத்தால் ஒரு கத்து, வாளை உருவினால் ஒரு கத்து, ஒன்றுமில்லாமல் வானத்தைப் பார்த்தும் ஒரு கத்து. வீட்டில் பழகினால் மகன் கிருஷாந்த் கூட்டாளிமார் முன்னால் மானம் போகிறது என்று கதவை அடித்துச் சாத்துகிறான். ஆகவே சுப்பர்மார்க்கெற் கார் தரிப்பிடத்தில் ஒரு மூலையில் காரை நிற்பாட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பழகுவேன். ஒருநாள் காவலாளி வந்து கண்ணாடியில் தட்டி, அம்மா உதவி வேண்டுமா என்று கேட்டான். பழகுகிறேன் என்றேன். என்னத்தை என்று கேட்டான். சாகிறதுக்கு என்றேன். அவன் என்னை இறக்கி, ஒரு கதிரையில் இருத்தி, தேத்தண்ணி தந்து, முக்கால் மணித்தியாலம் வாழ்க்கையின் அருமையை எடுத்துச் சொன்னான். நல்ல பிள்ளை. நாலு வருடத்தில் இந்த வேலையின் பேரில் என்னைக் கதிரையில் இருத்தியவன் அவன் ஒருவன்தான்.

சரி, இதெல்லாம் சில்லறை என்று வைத்துக்கொள்ளுங்கள். போன சனிக்கிழமை நடந்ததைக் கேளுங்கள். ரீவிக்காரர் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்து "ரவியோடு ஒரு மாலை" என்று விழா வைத்தார்கள். எங்கள் ஆட்களின் விழா எப்படியென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மங்கள விளக்கேற்ற ஐந்து பேர், வரவேற்புரை, வரவேற்பு நடனம், தலைமையுரை, பல் டாக்டர் தவராசாவின் ஆசியுரை, அதில் இனிப்புச் சாப்பிடுவதால் வருகிற கேடுகள். முந்நூறு பிள்ளைகள் ரவி எங்கே, ரவி எங்கே என்று கதிரையில் ஏறி நிற்கிறார்கள். நாற்பத்தொரு வயது மனுசியை மேடையில் ஏற்றி இதுதான் ரவி என்றால் பிள்ளைகளின் மனம் உடைந்துபோகும் என்று, குகநாதன் தன் அக்கா மகன் யனுஷனுக்கு நீலப் பொய்முடி வைத்து மேடையில் நிறுத்திவிட்டார். அவன் வாயை அசைக்க, நான் திரைக்குப் பின்னால் மீன்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் இருந்து மைக்கில் பேச வேண்டும். அந்தக் குறுக்கால போவான் சூயிங்கம் சப்பிக்கொண்டு நின்றான். நான் பேசாத நேரமெல்லாம் அவன் வாய் ஓடுது, பேசுகிற நேரம் நிற்குது.

பிறகு பொன்னாடை தொடங்கியது. விளக்கேற்றியவர்களுக்கு, டாக்டருக்கு, மண்டபத்தைப் பூட்டித் திறக்கிற வெள்ளைக்காரக் கிழவருக்கு, ஒலிபெருக்கி இராஜேந்திரன் அண்ணைக்கு, எல்லோருக்கும் போர்த்தினார்கள். கடைசியில் "நாலு வருடமாக ரவியாகவே வாழ்ந்துவரும் செல்வன் யனுஷன்" என்று சொல்லி அவனுக்கும் போர்த்தினார்கள். அவனுக்குப் பன்னிரண்டு வயது. ரவி நன்றி சொல்ல வேண்டாமா? நான்தான் சொன்னேன். யாரோ போர்த்திக்கொண்ட பொன்னாடைக்கு நான் கூடையில் இருந்து நன்றி சொன்னேன், அக்கா. குரல் தழுதழுத்தது, சனம் நடிப்பென்று கைதட்டியது. பிரதம விருந்தினர் ஒருவர் வரவில்லை, ஒரு பொன்னாடை மிச்சம். குகநாதன் அதைத் திரை இடுக்கால் நீட்டி, பிடியுங்கோ அக்கா என்றார். எனக்காக்கும் என்று போர்த்திக்கொண்டேன். பச்சைக் கரை, நல்ல துணி. பத்தாவது நிமிடம் விருந்தினர் வந்துவிட்டார், குகநாதன் ஓடிவந்து என் தோளிலிருந்து உருவிக்கொண்டு போனார்.

நான் அந்தக் கூடையிலேயே இருக்க, ஒரு சின்னப் பெண்பிள்ளை திரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தது. கோசிகாவாம், ஐந்து வயதாம். அன்ரி, ரவி எங்கே என்று கேட்டது. எனக்கு அந்த நேரம் என்ன பிடித்ததோ தெரியாது, "இதோ இருக்கேனே" என்று ரவியாகவே சொன்னேன். பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இன்னும், இன்னும் என்றது. "எழுந்திரு, நாம இன்னும் தோத்துப் போகலை" என்றேன். அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். சிரிப்பு தாங்காமல் இரண்டு கையையும் தட்டியது. பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. அக்கா, பேயைக் கண்டதுபோல வீரிட்டு அழத் தொடங்கிவிட்டது. மைக் திறந்தபடி கிடந்ததால், ரவி ஒரு பெண்பிள்ளையை அடித்து அழவைக்கிறான் என்று மண்டபமே கலங்கிப்போனது. அழுகையை அமுக்க, கத்துங்கோ, கத்துங்கோ என்று குகநாதன் கையைக் காட்டினார். பன்னிரண்டு போர்முழக்கம் கத்தினேன். தொண்டை அங்கேதான் போனது.

எல்லாம் முடிந்து கதிரை அடுக்கும்போது குகநாதன் பக்கத்தில் வந்து நின்றார்.

"கௌரியக்கா, குறை நினையாதேங்கோ. குரல் முத்திப்போச்சு. ஆளையும் வெளியிலை காட்ட ஏலாமல் கிடக்கு. இருபத்தைஞ்சாந் திகதி சனிக்கிழமை ஒரு குரல் சோதனை வைக்கிறன், ரவிக்கு இளம் ஆளாய்ப் பாக்கிறம்."

நான் இருக்கிற காற்றை எல்லாம் சேர்த்து, "தாராளமாய் எடுங்கோ. எனக்குச் சனிக்கிழமையளிலை வீட்டிலை தலைக்கு மேலை வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அழவில்லை. மனம் இறகு மாதிரி லேசாக இருக்கிறது. நாலு வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட என் பெயர் அந்தப் படத்தின் கடைசியில் ஓடியதில்லை. மீன் வாங்கின கடையின் பெயர் ஓடும், மயூராவின் பெயர் ஓடும். இப்படியொரு இடத்துக்கா விதுஷா வரவேண்டும்? பார்மஸி படித்தால் வெள்ளை உடுப்பில் சட்டைப்பையிலேயே பெயர் குத்தி இருக்கும், இதைச் சொல்லி அவளை இருத்துங்கள். யாரும் ரவியைத் தூக்கிக்கொண்டு போகட்டும், எனக்கு அதைப்பற்றி ஒரு கவலையுமில்லை.

அத்தானைப் படி ஏறி இறங்க விடாதீர்கள். நீங்கள் பிளேன்ரீக்குச் சீனி போடுவது எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். விதுஷாவுக்கு என் கொஞ்சல்கள். எல்லோரும் நோய்நொடியில்லாமல் நீடு வாழ அம்மன் துணை நிற்பாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை
ஜெயகௌரி சந்திரகுமார்

பி.கு: ஒட்டின கடிதத்தைத் திரும்பக் கிழிச்சு எழுதிறன் அக்கா. விதுஷா வாறதெண்டால் வரட்டும், நான் மறிக்கேல்லை. ஆனால் இருபத்தைஞ்சாந் திகதி மட்டும் வேண்டாம், அடுத்த மாதம் அனுப்புங்கோ. போனிலை அவள் "சின்னம்மா" எண்டு கூப்பிடேக்கை அப்பிடியே ரவியின்ரை குரல். அவள் வந்து வாயைத் திறந்தால் குகநாதன் அவளைத்தான் எடுப்பார். மேலை எழுதினதெல்லாம் சத்தியம், ஆனால் எனக்கு ரவியை விட ஏலாது அக்கா. அந்தச் சோதனைக்கு நானும் போறன். எனக்குக் குரல் இல்லாதபடியால் இவரைக் கொண்டுதான் போன் பண்ணிப் பேர் குடுப்பிச்சனான். குகநாதன் ஆளின்ரை வயது கேட்டவராம். பதினொண்டு எண்டு சொல்லிப்போட்டு இவர் போனை வைச்சிட்டார்.