எங்க பழைய காலேஜ்ல…

'எங்க பழைய காலேஜ்ல' என்று தொடங்காமல் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாத இனம் ஒன்று உண்டு. படிப்பின் நடுவில் கல்லூரி மாறி வருகிறவர்களுக்கான அறிமுக நாளன்று, அரங்கத்தின் முன்வரிசையிலேயே அதைக் காணலாம். எட்ட நின்று கேலி செய்ய எனக்கு வாயில்லை. நானும் அதற்குப் பங்காளிதான்.

நம்மாள் வேறிடத்தில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, இங்கே மூன்றாமாண்டில் சேர்ந்தவர். காலையில் கிளம்பும்போதே அக்கா போனில் சொன்னாள்: "வாயை மூடிட்டு, அவங்க சொல்றதைக் குறிச்சுக்கோடா."

"நான் என்ன புதுசாக்கா? ரெண்டு வருஷ அனுபவம்!"

அனுபவம் பேனா எடுத்துப் போகவில்லை.

அரங்கத்தில் நூலகத்தைப் பற்றிச் சொன்னால் அங்கே நாலு மாடி என்றும், கேன்டீனைப் பற்றிச் சொன்னால் அங்கே வரிசையே கிடையாது என்றும், கழிவறை இருக்கும் திசையைக் காட்டினால்கூட அங்கே மாடிக்கு இரண்டு என்றும், பக்கத்து நாற்காலியில் மாட்டிக்கொண்ட பெண்ணின் காதில் விடாமல் ஓதினார். மேடையில் ஓர் அலுவலர் ஏதோ அறிவித்தார். யார் கேட்டது?

அந்தப் பெண் திரும்பினாள். "அவ்ளோ நல்ல காலேஜா?"

"பின்னே!"

"அப்புறம் ஏன் விட்டுட்டு வந்தீங்க?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பார். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அங்கே இரண்டு வருஷமும் தனியாகச் சாப்பிட்டதை எப்படிச் சொல்வது? அங்கே இருந்தவரை 'எங்க ஸ்கூல்ல' என்று பேசியே எல்லோரையும் விரட்டியதை?

"சும்மா… ஒரு மாறுதலுக்கு" என்றார்.

மதியம் அலுவலகத்தில் எழுத்தர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பழைய பாடத்திட்ட நகலைப் பன்னெண்டு மணிக்குள்ள குடுத்தாத்தான் அங்க புள்ளியியல் பாஸ் பண்ணினதை ஏத்துக்குவோம்னு மேடையில சொன்னாங்களே. நீங்க வரலையா?"

"முன்வரிசைலதான் இருந்தேன்."

"இனி ஒண்ணும் பண்ண முடியாது. புள்ளியியலை முதலாமாண்டுப் பிள்ளைங்களோட உட்கார்ந்து திரும்பப் படிங்க."

அந்த வகுப்பு எங்கே என்று தெரியாமல் நடைவழியில் முழித்தபோது, எதிரே அதே பெண். அன்றைக்கு அவர் வாயில் முதல் நிஜமான கேள்வி பிறந்தது: "ஏங்க, புள்ளியியல் கிளாஸ் எங்க இருக்கு?"

"நானும் அதைத்தான் தேடறேன். அறிவிப்பு எங்க என் காதுல விழுந்துச்சு? நீங்கதான் நாலாவது மாடில நின்னு பேசிட்டு இருந்தீங்களே!"

அவர் முகம் சிறுத்தது. "மன்னிச்சுக்குங்க. உண்மையைச் சொன்னா, அந்தக் காலேஜ்ல எனக்கு ஒரு ஃப்ரெண்டுகூட இல்லை."

"இதைக் காலைலயே சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் தப்பிச்சிருப்போம்" என்றாள் அவள். கோபம்தான். ஆனாலும் அவரை விட்டுவிட்டுப் போகவில்லை. இரண்டு பேருமாகக் கதவு கதவாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

வாசகரே, இதைப் படிக்கும்போது 'முன்னாடி ஒண்ணு படிச்சேனே, அது இதைவிட நல்லா இருந்துச்சு' என்று ஒருதரமாவது உங்களுக்குத் தோன்றியிருந்தால் கூச்சப்படாமல் வாருங்கள். கொஞ்சம் தள்ளி உட்காருகிறேன்.